தாய்மாமன் கூரையும் அக்கிலாவின் கூரையும்



இன்றைய முதல் வாசகத்தில், திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில், பவுல் ஏதென்சை விட்டுக் கொரிந்துக்கு வருகிறார். அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரைச் சந்திக்கிறார். அவர்களும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. யூதர்கள் உரோமையை விட்டுப் போக வேண்டும் என்று கிளவுதியு பேரரசர் ஆணையிட்டதால் வெளியேறி வந்தவர்கள். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்வது. பவுல் அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்தார் என்று எழுதுகிறார் லூக்கா.

வெளிநாட்டு விடுதி ஒன்றில் தினம் சில மணி நேரம் வேலை செய்தால் சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும், ஊரையும் பார்க்கலாம் என்று நம் இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். அந்த ஆசையில் தவறில்லை. பவுல் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஆனால் போகுமுன் தொடக்கநூலில் இன்னொரு வீட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அது இலாபானின் வீடு. யாக்கோபுக்குச் சொந்தத் தாய்மாமன் வீடு. நம் ஊரில் தாய்மாமன் என்றால் எவ்வளவு உரிமை! அந்த உரிமையோடு உள்ளே போனவர் ஒரு மாதம் அங்கேயே தங்கினார். பிறகு மாமன் மகளை மணக்க ஏழு ஆண்டு வேலை என்று பேச்சானது. ஏழு பதினான்கானது. மந்தைக்காக மேலும் ஆறு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் வாட்ட, தூக்கமில்லாமல் ஆடு மேய்த்தார். மாமன் கூலியைப் பத்து முறை மாற்றினார் என்று மனைவியரிடம் முறையிடுகிறார். எதிர்த்துக் கேட்க முடியாமல் 20 ஆண்டுகள். ஏன்? உணவும் படுக்கையும் வேலையும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையை விட்டால் அன்றைக்கு இரவே தெருவில்தான்.

இலாபானின் வீடு நம் ஊர்ப்பக்கமும் உண்டு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஆப்பிளுக்காக ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவால் 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்தப் பெண்கள் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அந்த ஆலையின் பெண்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவு. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனாலும் தின்னக்கூடிய சோற்றுக்காக நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் நடுரோட்டில் உட்கார வேண்டியிருந்ததே, அந்த வலி எனக்கு ஆறவில்லை.

அக்கிலாவின் வீட்டில் என்ன வேறுபாடு? வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே வேலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓய்வுநாளில் பவுல் தொழுகைக்கூடத்துக்குப் போனார், பேசினார். அவருடைய நேரம் அவருடையதாகவே இருந்தது. பின்னாளில் தமக்காக உயிரையே பணயம் வைத்தவர்கள் என்று அந்தத் தம்பதியரைப் பற்றி உரோமையருக்கு எழுதினார். கூலியாள் முதலாளியைப் பற்றி இப்படி எழுதுவதில்லை.

வெளிநாடு போகும் பிள்ளைகளே, எத்தனை மணி நேரம் வேலை, எந்த நாள் விடுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் செய்வது வேலைதான் என்று பல நாடுகள் சொல்கின்றன. அங்கெல்லாம் சுற்றுலா விசா போதாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டு மாடியில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களே, உங்களிடம்தான் அதிகம் கேட்கிறேன். ஒரகடத்திலும் மாத்தூரிலும் வேலைக்கு வந்த திருவண்ணாமலை, விழுப்புரம், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் உங்கள் தலைக்கு மேலே தூங்குகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர்கள். அந்தத் தலைகளின் பெயர் தெரியுமா? நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குக் குளிக்கத் தண்ணீர் வருகிறதா? அவர்களில் சிலர் நம் கோவிலில்தான், மொழி புரியாமல் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். இந்த வாரம் படியேறிப் போய்ப் பாருங்கள். அந்தக் குழாய்த் தண்ணீரை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று பாருங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்றால், அடுத்த மாத வாடகை வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.