குத்தகை நிலத்து மான்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கொரு வினா விடுத்துள்ளார். அவர்தம் உறவினர் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் பல்லாண்டுகளாகப் பணிபுரிபவர். அங்கே நாட்டுப்புறத்தில் மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கிறார். அந்நிலத்தை ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டுச் சிலர் வருகின்றனராம். உழுவதற்கு அன்று, மான் வேட்டைக்கு. ‘கொல்லப் போகிறவர்கள் நாம் அல்லர். நிலத்தை மட்டுமே தருகிறோம். வருகிறவர்களும் நேர்மையான முறையில் வேட்டையாடுபவர்கள். அந்நாட்டுச் சட்டமும் தடுக்கவில்லை. இதனால் நம் விரதத்திற்கு ஊறு உண்டா?’ என்பது வினா. விடை கூறுதல் எளிது என்று வாசகர் பலர் எண்ணக்கூடும். எண்ணிப் பார்க்குங்கால் அத்துணை எளிதன்று.

‘நேர்மை வேட்டை’ என்பது அந்நாட்டு வேட்டையாளர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் 1887-ஆம் ஆண்டில் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம் இக்கருத்தைப் பரப்பிற்று. வேலிக்குள் அடைபட்ட விலங்கைச் சுடலாகாது, ஊர்தியில் துரத்தலாகாது, தப்பியோட அதற்கு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பன அதன் சாரம். இவர்களுள்ளும் சிலர் வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வதில்லை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் தாமே தடம் பார்த்து, தாமே காத்திருந்து, பல நாள் வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

இதில் ஒரு சிறப்பு இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கைக்கு எட்டிய வசதியை ஒருவன் தானே விலக்குவது அடக்கத்தின் பாற்பட்டது. நம் அணுவிரதங்களும் எல்லை வகுத்துக்கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன.

எனினும் இந்நேர்மை யாருக்கும் யாருக்கும் இடையிலானது என்று கேட்டல் வேண்டும். ஆட்டத்திற்கு உடன்பட்ட இருவரிடையே விதி உண்டு. மான் எந்த ஆட்டத்திற்கும் உடன்படவில்லை. தோற்ற வேட்டைக்காரன் வீடு திரும்பி உணவு கொள்கிறான். தோற்ற மான் திரும்புவதில்லை. ஆகவே இது வேட்டைக்காரர்கள் தம்முள் ஒருவரையொருவர் மதிப்பிட்டுக்கொள்ள வகுத்த நேர்மையே அன்றி மானுக்குச் செய்த நேர்மை ஆகாது. நம் மாநிலத்து வரலாறும் இதற்குச் சான்று பகரும். நீலகிரியில் ஆங்கிலேயர் 1879-ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென்றே ஒரு சட்டம் செய்தனர். உரிமச்சீட்டு, வேட்டை விலக்கிய பருவம் என ஒழுங்குகள் வந்தன. கடமான் பிழைத்தது உண்மை. ஆனால் அடுத்த பருவத்து வேட்டைக்காகவே அது காக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே, பொழுதுபோக்கிற்காக வேட்டையாடும் உரிமை இந்நாட்டில் ஒழிந்தது.

டெக்சாஸில் சுடப்படுவனவற்றுள் நம் நாட்டு மான்களும் உண்டு என்பது பலர் அறியாதது. கிண்டியிலும் முதுமலையிலும் நாம் காணும் புள்ளிமான் 1932-ஆம் ஆண்டில் அங்கே கொண்டுசெல்லப்பட்டது. கோடியக்கரையில் துள்ளித் திரியும் வெளிமானும் சென்றது. அயல்நாட்டு விலங்கு என்பதால் அங்கே அம்மாநில அரசு அவற்றுக்கு வேட்டைப் பருவமும் வகுக்கவில்லை, எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை. நில உடைமையாளர் இசைவும் உரிமச்சீட்டும் இருந்தால் ஆண்டு முழுதும் சுடலாம். ஆக, அந்த மானுக்கும் துப்பாக்கிக்கும் இடையே பெரும்பாலும் எஞ்சியிருப்பது நிலத்துக்குரியவரின் இசைவு ஒன்றே. அன்பரின் உறவினர் கையில் இருப்பது அதுதான்.

இனி விரதத்தைப் பார்ப்போம். இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுப்பர். சமைத்தலிலும் உழவிலும் தற்காப்பிலும் நேர்வனவற்றை முற்றும் விலக்க இல்லறத்தானால் இயலாது, குறைத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே கொல்லும் சங்கல்பி ஹிம்சை ஒன்றையே அவன் அறவே விடுதல் வேண்டும். வேட்டை இதில் அடங்கும். ஏழு விசனங்களுள்ளும் அது எண்ணப்பட்டது. மான் தப்பியோடினால் வேட்டைக்காரனுக்குக் குற்றம் இல்லையோ எனில், யசோதர காவியம் கற்றவர்க்கு விடை தெரியும். யசோதரன் பலியிட்டது மாவினால் செய்த கோழி. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அவனைப் பிறவிதோறும் விலங்குடலில் அலைக்கழித்தது. அதனினும் நுட்பம், அவன் அதனை விரும்பிச் செய்யவில்லை. தாயின் வற்புறுத்தலுக்கு இசைந்தான், அவ்வளவே.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினை கட்டும் என்பது நம் ஆகமத்தின் முடிபு. குத்தகைப் பத்திரத்தில் இடும் கையொப்பம் உடன்படுதல் அல்லாமல் வேறென்ன? சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் அனர்த்த தண்டங்களுள் ஒன்றாகக் கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தலைக் கூறுகின்றன. கருவிகளின் வரிசையில் நிலம் சொல்லப்படவில்லை என்று வாதிடலாம். நிலம் தன்னளவில் கருவியன்று என்பதும் மெய்யே. ஆனால் வேட்டைக்கென்றே எழுதி, வேட்டைக்கென்றே விலை பேசி, கொம்பின் பெருமைக்கு ஏற்பக் குத்தகை உயருமாயின், அந்நிலம் துப்பாக்கியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்பது நம் துணிபு.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை 1387-ஆம் ஆண்டில் விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர் கட்டுவித்தார். அதன் விதான ஓவியங்களில் நேமிநாதர் வரலாறும் உண்டு. மணமகனாகத் தேரேறி வந்தவர், விருந்துக்கென அடைத்துவைத்த மான் முதலிய விலங்குகளைக் கண்டார், தேரைத் திருப்பினார். அவர் வில் எடுத்தவர் அல்லர். அடைக்கச் சொன்னவரும் அல்லர். தம்பொருட்டு என்பதே அவருக்குப் போதுமானதாயிற்று.

மான் பெருகிப் பயிரையும் காட்டையும் அழிக்கிறதே, புலியில்லாத நாட்டில் வேட்டைக்காரன்தானே புலி என்பர். இதனை ஏளனம் செய்தல் தகாது. 1937-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான வரி வன உயிர்ப் பேணலுக்குச் செல்கிறது என்பதும் உண்மை. பயிர் காக்கும் உழவனின் இடர்ப்பாடு விரோதி ஹிம்சையைச் சாரும். அதனைத் தனியே எண்ண வேண்டும். ஆனால் டெக்சாஸ் குத்தகை நிலங்களில் மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. பெருகிவிட்டது என்று கொல்பவர் பெருகுமாறு ஊட்டுவானேன்? நேர்மை வேட்டையாளருள்ளேயே இதுபற்றிப் பூசல் உண்டு.

இவ்வளவும் சொன்னபின் வேட்டைக்காரனை இகழத் தோன்றும். பகவான் மகாவீரரின் முற்பிறவி வரலாறு, மானெனக் கருதி ஒரு முனிவர்மீது அம்பு தொடுக்கப் புகுந்து மனைவி தடுக்க வில்லைத் தாழ்த்திய புரூரவன் என்னும் வேடனைக் கூறுகிறது. மேலும், அவ்வேட்டைக்காரர் நம்மை நோக்கி, ‘நீங்கள் ஆலயத்திற்கு உடுத்திவரும் பட்டு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் என் செய்வோம்? காஞ்சித் தறியில் ஏறும் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள், உள்ளிருக்கும் புழுவோடு வெப்பத்தில் இடப்படுகின்றன. அப்புழுவுக்குத் தப்பியோடும் வாய்ப்பு ஏது? நெசவாளர் குடும்பங்களின் பிழைப்பு இதில் அடங்கியிருப்பதால் ஒரு பத்தியில் முடிக்கத்தக்க பொருளன்று இது. ஆனால் பட்டுடுத்தி நின்று மானுக்காகப் பேசும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தியே பேசுதல் நன்று.

அன்பருக்கு நம் விடை, குத்தகை தர வேண்டா என்பதே. வருவாய் குறையும், நிலவரியும் உறுத்தும். அதற்கும் ஒரு வழி உண்டு. டெக்சாஸில் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏற்கெனவே வேளாண் மதிப்பீட்டு வரி பெறும் நிலத்தில் நாட்டு உயிரினங்களைப் பேணினாலும் அவ்வரிச் சலுகை தொடரும். வாழிடம் செப்பனிடல், மண்ணரிப்புத் தடுத்தல், நீர் வைத்தல், உணவளித்தல், உறைவிடம் அமைத்தல், கணக்கெடுத்தல், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்தல் என்னும் ஏழனுள் மூன்றைச் செய்தால் போதும். இறுதியில் கூறியதை விட்டாலும் ஆறு எஞ்சும். பின்னாளில் நிலத்தை மேய்ச்சலுக்கோ வேறெதற்கோ குத்தகைக்கு விட நேர்ந்தால், வேட்டை உரிமை அதில் அடங்காது என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லவும்.