தலைச்சுற்றலும் தவமும்

அடிக்கடி தலைச்சுற்றலுக்கு ஆளாகும் இல்லறத்தார் ஒருவர், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நெடுங்காலமாகக் காத்துவரும் உபவாசத்தைத் தொடரலாமா? விட்டால் விரதபங்கம் ஆகாதா? நம் இல்லங்களில் முதியோர் பலர் வாய்விட்டுக் கேளாமல் மனத்துள்ளே வைத்து வருந்தும் வினா இது.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். தலைச்சுற்றல் தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம்பெயர்ந்தால், படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதுபோல் தோன்றிப் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கும். மருத்துவர் தலையை முறைப்படி திருப்பி இதனைச் சரிசெய்வார். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் தாழுமாயின் கண் இருண்டு கிறுகிறுப்பு வரக்கூடும். நீர் அருந்தாமை இதனை மிகுவிக்கும். இன்சுலின் கொள்ளும் நீரிழிவாளர் உணவை நீக்கினால், சர்க்கரை குறைந்து உணர்விழக்கவும் கூடும். ஆதலின் காரணத்தை அறிந்த பின்னரே நோன்பைப் பற்றி முடிவு செய்தல் முறை.

இனி அறத்தின் நிலையைக் காண்போம். தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவமும் ஒன்று. எனினும் அது ஆற்றலுக்கு ஏற்ற தவம் என்றே கூறப்பட்டுள்ளது. உள்ள ஆற்றலை ஒளித்தல் குற்றமாயின், இல்லாத ஆற்றலை உண்டெனக் காட்டி நோற்றலும் குற்றமே. அங்கே மானம் என்னும் கஷாயம் புகுந்துவிடுகிறது. கஷாயத்தைத் தேய்க்க வேண்டிய தவம் அதனையே வளர்த்தால் பயன் யாது?

உடல் அழியக்கூடியதுதானே, வீழ்ந்தால் வீழட்டும் எனச் சிலர் கூறுவர். சல்லேகனை என்பது தீர்வற்ற நிலையில், தெளிந்த அறிவோடு, முறையாக ஏற்பது. தீரக்கூடிய நோயைப் புறக்கணித்துக் குளியலறையில் தவறி வீழ்தல் அதன்பாற்படாது; அது பிரமாதம். பிரமாதமே இம்சைக்கு வேர் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. தலைசுற்றும் என அறிந்தும் வண்டி ஓட்டுபவர் பிற உயிர்க்கும் இடர் விளைவிக்கிறார்.

தவம் 12 வகை. புறத்தவம் 6, அகத்தவம் 6. உண்ணாநோன்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. அது இயலாதவர்க்குச் சுவைகளைத் துறத்தல், நூல் ஓதுதல், தியானம் ஆகியன உள. விரதம் ஏற்றவர் தம் நிலையை முனிவரிடம் உரைத்து வழி கேட்கலாம். இரவுண்ணாமை காப்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறின், மாத்திரை வேளைகளைப் பகலில் அமைக்க இயலுமா என அவர் ஆராய்வார்.

அன்றாட வாழ்வில், படுக்கையினின்று எழுமுன் சற்று அமர்ந்திருத்தல், சுற்றல் தொடங்கியதும் அமர்ந்துவிடுதல், மலைக்கோயில் படிகளில் துணையோடு ஏறுதல் நலம். பேச்சுக் குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ அக்கணமே மருத்துவமனை சேர்க.

இல்லத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்தலாகிய வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று. நீட்டிய கையைப் பற்றிக்கொள்ளும் முதியவர், இளையோர்க்கு அத்தவத்தைச் செய்யும் வாய்ப்பை அளிக்கிறார். அதில் இழிவு ஏதும் இல்லை.