ஒரு மைல் தள்ளி நின்று பார்ப்பது

"இங்கேருந்து சரியாத் தெரியாதும்மா. கிட்டப் போய்ப் பாத்தாத்தான் அது என்னன்னு புரியும்."

அம்மா காரிலிருந்து இறங்கி இன்னும் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அதற்குள், அவள் பார்க்கப்போவது கொஞ்சம் மட்டமானது என்று சொல்லி முடித்துவிட்டேன். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. உண்மையைத்தானே சொல்கிறோம் என்றுதான் இருந்தது.

யூட்டா மாநிலத்தில், மோவாப் என்கிற சிற்றூருக்குச் சற்று வடக்கே இருக்கிறது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. செம்பாறைப் பாலைவனம். அங்கே இயற்கையாக உருவான கல் வளைவுகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றில் உலகத்துக்கே தெரிந்தது டெலிகேட் ஆர்ச். யூட்டாவின் கார் நம்பர் பிளேட்டில் இருப்பது அதுதான். வெட்டவெளியில் தனியாக நிற்கும் 52 அடி உயர வளைவு. அதைப் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று, போக வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர், நிழலே இல்லாத வழுக்குப் பாறைமேல் ஏறிப் போய் அதன் காலடியில் நிற்பது. இன்னொன்று, காரை இன்னும் ஒரு மைல் ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, சமதளமாகப் போட்ட சின்னப் பாதையில் சில அடிகள் நடந்து, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பது. அங்கிருந்து வளைவு ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில், மேட்டின் விளிம்பில், விரல் நகம் அளவுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆறு மாத விசாவில் என்னோடு இருக்க வந்திருந்தாள். ஆகவே இரண்டாவது வழி.

நான் மூன்று வருடங்களுக்கு முன்பே முதல் வழியில் போனவன். அலுவலக நண்பர்களோடு, விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு. அன்று எடுத்த படம்தான் இன்றுவரை என் மடிக்கணினியின் முகப்பு. யாராவது விசாரித்தால் "நாங்க ஏறிப் போனோம்" என்பதைச் சேர்க்காமல் விட்டதில்லை. கீழே காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு சிரிப்பு உண்டு. வாய்விட்டுச் சொல்லமாட்டோம், ஆனால் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு செயலியின் பக்கம் திறக்க எடுக்கும் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று சொடுக்கில் ஆகிற காரியத்தை ஒரே சொடுக்கில் முடிக்கவைத்தால் பாராட்டு. வாரத்தில் ஐந்து நாள் மனிதர்களின் சிரமத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறவன், விடுமுறை வந்ததும் சிரமத்தைக் கும்பிடப் போய்விடுகிறேன். கஷ்டப்பட்டுப் பார்த்தால்தான் பார்த்தது என்கிற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

என் விஷயத்தில், ஓரளவுக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. எட்வர்ட் ஆபி 1956, 1957 ஆண்டுகளில் இதே இடத்தில் பருவகால ரேஞ்சராக வேலை பார்த்தவர். அப்போது இது தேசியப் பூங்காவாகவில்லை. அந்தத் தகுதி 1971-ல்தான் வந்தது. அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய 'டெசர்ட் சாலிடேர்' 1968-ல் வெளியானது. பூங்காக்களுக்குள் தார்ச் சாலை போட்டுக் காரைக் கொண்டுவருவதுபோல ஒரு நாசம் வேறில்லை என்று அதில் கொதிக்கிறார். புதிய சாலைக்கு அளவெடுத்து நட்டுவைத்த குச்சிகளைப் பிடுங்கிப் போட்டதாகவும் எழுதியிருக்கிறார். குச்சிகள் மறுபடி நடப்பட்டன. 1958-ல் புதிய நுழைவுச் சாலை வந்தது. நானும் அம்மாவும் போனது அந்த வழியில்தான்.

நான் படித்து, ரசித்து, நண்பர்களுக்கெல்லாம் பரிந்துரைத்த புத்தகம் அது. கார்களை வாசலிலேயே நிறுத்து, நட, சைக்கிளில் போ, குதிரையில் போ என்கிறார். சரி, வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் பதில் வைத்திருக்கிறார். அவர்களுக்காக ரொம்ப இரக்கப்படத் தேவையில்லை, இந்த நாடு கெடாமல் இருந்த காலத்தில் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததே என்கிற தொனியில். முதல் தடவை படித்தபோது இந்த இடத்தில் நான் சிரித்தேன். அவருடைய முரட்டுக் குறும்பு என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அந்தப் புத்தகம் வந்த 1968-ல் அம்மாவுக்குப் பத்து வயது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆடு மேய்க்கவும் ஊரணியிலிருந்து தண்ணீர் தூக்கவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. கல்யாணமாகிப் போன ஊரிலும் அதேதான். நான் ஏழாவது படிக்கும்போதுதான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது. ஆபி சொல்கிற அந்த 'வாய்ப்பு' யாருக்கு இருந்தது? அம்மா நடக்காதவள் இல்லை. அவள் நடக்கவேண்டிய நடையெல்லாம் வேறு இடத்தில் செலவாகிவிட்டது. நான் விடுமுறையில் நடந்த 5 கிலோமீட்டரை 'அனுபவம்' என்கிறேன். அவள் தினமும் நடந்த நடைக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அன்று அங்கே நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். அன்று நான் செய்தது, போனை எடுத்து அந்தப் பழைய படத்தைத் திறந்து அம்மா முகத்துக்கு நேராக நீட்டியது. "இதான்மா, கிட்டத்துல இப்படி இருக்கும்."

"போனை எடுடா. அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

எடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "யாரு கட்டினது?" என்றாள். யாரும் கட்டவில்லை என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முப்பது கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அது வற்றி வற்றி, ஆயிரக்கணக்கான அடிக் கனத்துக்கு உப்பு படிந்தது. அதன்மேல் மணல் வந்து சேர்ந்து இறுகிப் பாறையானது. பாரம் தாங்காமல் அடியிலிருந்த உப்பு நகர்ந்து பிதுங்க, மேலே பாறை வரிசை வரிசையாக விரிசல் விட்டது. விரிசலில் தண்ணீர் இறங்கியது, குளிரில் உறைந்து விரிந்தது, மணலைப் பிடித்துவைத்திருந்த சுண்ணத்தைக் கரைத்தது. மெல்லிய சுவராக நின்ற பாறையில் ஓட்டை விழுந்தது. ஓட்டை பெரிதாகி வளைவானது. சிவப்பு, இரும்புத் துருவின் நிறம்.

"அப்ப இதுவும் ஒருநாள் விழுந்துடும்ல?"

"விழும். இதே பூங்காவுல 2008-ல ஒரு பெரிய வளைவு ராத்திரியோட ராத்திரியா விழுந்துபோச்சு."

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கேட்காமலே தன் பைனாகுலரை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இடுப்புக்கு மேல இல்லாத ஆளு ரெண்டு காலையும் ஊனி நிக்கிற மாதிரி இருக்குடா. ஒரு கால் முட்டிகிட்ட தேஞ்சிருக்கு பாரு. எனக்கு மாதிரியே."

நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு கால் நடுவில் இளைத்து, கிட்டத்தட்ட அறுந்துவிடும்போல இருந்தது. மூன்று வருடம் தினமும் முகப்பில் பார்த்த படம். அந்தக் கால் அதிலும் இருக்கிறது. நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் பிறகு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து மாடு மேய்க்கிற கௌபாய்கள் இந்த வளைவுக்கு வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'கௌபாயின் சாப்ஸ்', அதாவது குதிரையேறும்போது காலில் மாட்டுகிற தோல் உறை. இன்னொன்று 'பள்ளிக்கூட டீச்சரின் உள்காற்சட்டை' என்பதுபோல ஒரு குறும்பு. அவர்கள் கண்ணுக்கும் இது இரண்டு கால்களாகத்தான் பட்டிருக்கிறது. ஆடு மேய்த்தவள் கண்ணும் மாடு மேய்த்தவர்கள் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பதும் கிட்டப் போய்ப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றில்லை. அந்தப் பாறைக் கிண்ணத்தின் விளிம்பில் திரும்பியதும் வளைவு சட்டென்று முன்னால் வந்து நிற்கிற கணம், ஏறிப் போகிறவர்களுக்குத்தான். அதை அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லை என்கிற வருத்தம் நிஜம். ஆனால் 'வேறு' என்பதை 'குறைவு' என்று சொன்னது என்னுடைய வேலை. என் உழைப்பின் மதிப்பு குறையாமலிருக்க அவளுடைய காட்சி குறைந்ததாக இருக்கவேண்டியிருந்தது.

திரும்பும்போது அவளிடம் இதை லேசாகச் சொன்னேன். "நடந்து போனாத்தான்மா அதுக்கு மதிப்பு, அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

"பழனியில விஞ்சுல போறவங்களப் பாத்து முருகன் மூஞ்சியத் திருப்பிக்கிறாரா?"

எனக்குப் பதில் இல்லை. பிற்பாடு யோசித்தபோது, அவள் கேட்டதில் ஒரு தெளிவான பிரிப்பு இருப்பது புரிந்தது. படியேறுவது நேர்த்திக்கடன். ஏறுகிறவர் தன்னிடமிருந்து கொடுப்பது. கொடுப்பதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் அதை வாசலில் வசூலிக்கிற கட்டணமாக மாற்றினால், அடுத்தவர் தரிசனத்தை அளக்கிற அளவுகோலாக்கினால், அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. நடையைக் கொடுப்பதற்குப் பதில் அதைக் காட்டி உரிமை கேட்கிறோம்.

ஏறிப் போகிற அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. ஜான் வெஸ்லி வுல்ஃப் என்பவருடையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் பட்ட காயம் ஆறாமல் தொல்லைப்படுத்த, வறண்ட காற்று நல்லது என்று 1898-ல் ஒஹையோவிலிருந்து மகனோடு வந்து குடியேறியவர். 1910 வரை அங்கே மாடு வளர்த்தார். 5 கிலோமீட்டர் வீரநடை தொடங்குவது ஒரு நொண்டிய மனிதரின் வாசலிலிருந்து. முதல் தடவை போனபோது நான் அந்தப் பலகையைப் படிக்கவில்லை. விடிவதற்குள் ஏற வேண்டிய அவசரம்.

அப்படியென்றால் ஆபி சொன்னது முழுக்கத் தப்பா? இல்லை. அதுதான் சிக்கல். அன்று அந்தக் கார் நிறுத்தத்தில் இருந்தவர்களில் அம்மாவைப்போல நடக்க முடியாதவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதி எல்லாரும் என்னைப்போலத் திடகாத்திரமானவர்கள். வயதானவர்கள் பெயரைச் சொல்லிச் சாலை போடுகிறோம், அதில் நாம் போகிறோம். 2021-ல் இந்தப் பூங்காவுக்கு வந்தவர்கள் 18 லட்சத்துக்கு மேல். வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தவேண்டி வந்து, 2022-ல் நேரம் குறித்த முன்பதிவு முறையைக் கொண்டுவந்தார்கள். இதே யூட்டாவின் ஸையன் பூங்காவில் வேறு வழி. 2000-லிருந்து, கூட்டம் மிகுந்த மாதங்களில் பள்ளத்தாக்குக்குள் காரை விடுவதில்லை, பேருந்துதான். கார் போச்சு, பாட்டிகள் போகவில்லை. ஆபியின் கோபத்துக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் நடுவே இப்படி ஒரு ஏற்பாடு முடியும் என்றால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நம்பியது சோம்பேறித்தனம்.

கேள்வியையே நான் தவறாகப் பிடித்திருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். 'இந்தக் காட்சிக்கு நீ எவ்வளவு உழைத்தாய்?' என்பது பார்ப்பவரைப் பற்றிய கேள்வி. 'நீ பார்த்ததற்கு இந்த இடம் என்ன கொடுத்தது?' என்பதுதான் இடத்தைப் பற்றிய கேள்வி. முதல் கேள்வியில் நான் எப்போதும் பாஸாகிவிடுவேன். இரண்டாவதில் அன்றைக்கே ஃபெயில் ஆனேன்.

அது இப்படி. பாதையோரப் பலகையை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அங்கே மண்ணின் மேற்பரப்பு கருப்பாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும். அது உயிருள்ள மேலோடு. நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள், பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளால் மணலைக் கோத்துப் பிடித்திருக்கின்றன. மழைநீரைத் தேக்குவது, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்ப்பது, மணல் பறக்காமல் காப்பது எல்லாம் அதுதான். ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நன்றாகத்தான் விளக்கினேன். பத்து நிமிடம் கழித்து, அம்மாவும் வளைவும் ஒரே படத்தில் விழவேண்டும், நடுவில் கம்பி வரக்கூடாது என்று பாதையிலிருந்து இரண்டு எட்டு இறங்கி நின்றேன்.

"டேய்! மண்ணு மேல நிக்கிற. இப்பதானே படிச்சுச் சொன்ன? வெதச்ச கொல்லையில யாராவது கால் வைப்பாங்களா?"

குனிந்து பார்த்தேன். என் ஷூவின் அச்சு, அளவெடுத்ததுபோல. சுற்றிலும் கருப்பு மேலோடு, அச்சுக்குள் மட்டும் வெறும் சிவப்பு மணல். விலையுயர்ந்த மலையேற்ற ஷூ அது. நடந்து பார்ப்பவர்களுக்கென்றே செய்தது. வந்த சுவட்டிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தேன். அது பெரிய பரிகாரம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு சுவடுகள் என் ஆயுசுக்கு அங்கே இருக்கலாம்.

படத்தைப் பிறகு பாதையில் நின்றே எடுத்தேன். குறுக்கே கம்பி இருக்கிறது. அம்மாவின் தோளுக்கு மேலே ஒரு புள்ளிபோல வளைவு. முகப்பில் வைக்கிற தரத்தில் இல்லை. அம்மா அதைத்தான் ஊருக்கு அனுப்பச் சொன்னாள். அன்று இரவு விடுதியில் சித்தி வீடியோ காலில் வந்து, "அக்கா, பின்னாடி என்னமோ சின்னதாத் தெரியுதே, அது என்ன?" என்று கேட்டாள். நான் பெயர் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"காலு மாதிரி ஒரு பாறைடி. ஒரு முட்டி தேஞ்சிருக்கு. ஆனா நிக்குது."