கூட்டல் மட்டும் தெரிந்த வெளிச்சம்

பாம்பனில் தூக்குப்பாலம் திறக்கும் நாட்களில் படகுகள் வரிசையாகக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கடக்கும். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் பாரத்நெட்டின் ஜிபான் முறையும் அப்படித்தான். ஒவ்வொரு முனைக் கருவியும் தன் முறை வரும்போது மட்டுமே இழையில் வெளிச்சத்தை அனுப்பும்.

காத்திருக்கவே வேண்டாம் என்கிறது ஒளியிழை சிடிஎம்ஏ. ஆளுக்கொரு குறியீடு; எல்லோரும் ஒரே இழையில், நினைத்த நேரத்தில் பேசலாம். கேட்கத்தான் எவ்வளவு இனிமை!

*

சிடிஎம்ஏ செல்பேசிகள் நினைவிருக்கும். ரேடியோ அலையில் கூட்டலும் உண்டு, கழித்தலும் உண்டு. அடுத்தவர் குறியீட்டின் மிகையும் குறையும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒளி உணரிக்கோ செறிவு மட்டுமே தெரியும். வெளிச்சம் இருக்கும், அல்லது இருக்காது; கழித்தல் வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. அதனால் பிறர் பேச்சு முழுக்க அழியாமல் கொஞ்சமாவது மிஞ்சும். பேசுவோர் கூடக்கூட அந்த மிச்சமும் குவியும்.

இந்தக் குறுக்கீட்டின் பிழை ஒரே திசையில் நடக்கிறது. அனுப்பாத இடத்தில் அனுப்பியதாகக் காட்டும். அனுப்பியதை ஒருபோதும் மறைக்காது. இதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் இருக்கலாம்.

*

1989இல் ஃபேன் சுங், ஜவாத் சலேஹி, விக்டர் வெய் மூவரும் இதற்கான குறியீடுகளை வகுத்தார்கள். எந்த இரண்டு குறியீடுகளை எப்படி நகர்த்தி வைத்தாலும், ஒரே குறியீட்டைத் தன்மீதே நகர்த்தி வைத்தாலும், ஒரு துடிப்புக்கு மேல் மோதக் கூடாது என்பது விதி. ஒரு பிட்டின் நேரத்தை 13 இடங்களாகப் பிரித்து 3 துடிப்பு வைத்தால் இரண்டே குறியீடுகள். 1000 இடங்களில் 5 துடிப்பு வைத்தாலும் 49 பேருக்கு மேல் இடமில்லை. ஆயிரத்தில் 995 இடம் இருட்டு! இவ்வளவு மௌனத்துக்கு யார் விலை கொடுப்பது?

விலை நேரத்தில் போகிறது. ஒருவருக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வேண்டுமானால், ஒவ்வோர் இடமும் ஒரு பிக்கோவினாடி. அத்தனை குறுகிய துடிப்பில் பல நிறங்கள் கலந்திருக்கும். கண்ணாடிக்குள் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாம்பன் பாலத்தின் நீளமான இரண்டு கிலோமீட்டரைக் கடப்பதற்குள், சாதாரண இழையில் அந்தத் துடிப்பு நூறு மடங்குக்கு மேல் விரிந்துவிடும். ஈடுசெய்யும் இழையைச் சேர்க்கலாம், சேர்த்தால் செலவு.

*

போதாததற்கு, இரண்டு லேசர்களின் நிறம் மிக நெருங்கினால் உணரியில் அவற்றின் அலைகள் மோதி, செறிவு ஏறி இறங்கும். அப்போது மேலே சொன்ன ஒற்றைத் திசை ஒழுங்கும் போய்விடுகிறது.

*

2006இல் தூத்துக்குடிக்கும் இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்கும் இடையே கடலடி ஒளியிழை வந்தது. ஊர்களிலும் வீடுகளுக்கு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் நேரத்தையோ நிறத்தையோ பங்குபோடுவதுதான் இன்றைய வணிக இணைப்புகளின் வழக்கம். ஒளியிழை சிடிஎம்ஏ பெரும்பாலும் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. என் கணக்கில், வரிசையில் நிற்பதே மலிவு.