சுக்கானில் ஒரு ஆட்டம்

மல்லிப்பட்டினத்தில் என் நண்பனின் அப்பா, தன் பாய்மர வள்ளத்தை விற்க முடிவு செய்திருந்தார். வாங்குகிறவர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். படகில் எல்லாம் சரி, சுக்கானில் மட்டும் ஆட்டம்.

சுக்கான் பலகை படகின் பின்பக்கம் கதவு போலத் தொங்குகிறது. பலகையில் ஊசி, படகில் வளையம். பல வருடம் உரசியதில் வளையத்தின் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த திருகாணிகளைச் சுற்றி மரமும் ஊறி இளகிவிட்டது. பிடியை அசைத்தால் முதல் இரண்டு விரல் தூரத்துக்குப் பலகை அசையாது. அப்புறம் ‘டொக்’கென்று இடித்துத் திரும்பும். சரபோஜி மன்னர் நெப்போலியனின் தோல்விக்காகக் கட்டிய மனோராவைக் குறிவைத்துக் கரைக்கு வந்தால், படகின் மூக்கு கோபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலையும். ஒவ்வொரு இடியும் ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கும்.

முறையாகச் செய்வதென்றால் வளையத்தைக் கழற்ற வேண்டும். ஊறிய மரத்தைச் சுரண்டி, காய்ந்த முளை அடித்து, புது ஓட்டை போட்டு, திருகாணிக்குப் பதிலாக மறுபக்கம் வரை போகும் போல்ட் முடுக்க வேண்டும். ஊசியும் வளையமும் புதிது. இரண்டு நாள் வேலை. எங்களிடம் இருந்தது ஒரு சாயங்காலம்.

நான் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஊசியில் சுற்றினேன். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. பெருமையாக இருந்தது.

மாமா வந்து பிடியை அசைத்துப் பார்த்தார். குனிந்து ரப்பரை உருவி எடுத்தார்.

“கட்டுமரத்துலயும்தான் ஆட்டம் இருக்கு மாமா. மரத்தையெல்லாம் கயித்துல கட்டி, அலைக்கு நெளிஞ்சு குடுக்குற மாதிரிதானே ஓட்டுறாங்க?”

“அது கட்டினவனுக்குத் தெரியும் தம்பி. கரைக்கு வந்தா அவிழ்த்துக் காயப் போடுறான், மறுபடி போறப்ப அவனே கட்டுறான். இந்தச் சத்தம் அவனுக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே நீ ரப்பரைச் சுத்துன?”

சிசரோ ‘கடமைகள்’ நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். வீட்டை விற்கிறவனுக்கு அதன் குறைகள் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? ஆன்டிபேட்டர் என்கிற ஸ்டோயிக் தத்துவவாதி, சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். அவருடைய ஆசிரியர் டயோஜெனிஸ், சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்கிறார். படித்தபோது எனக்கு டயோஜெனிஸ் பேசியதுதான் நடைமுறை அறிவாகத் தோன்றியது. வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டுமே. ஆனால் என் ரப்பர் துண்டை அவராலும் காப்பாற்ற முடியாது. நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் சுக்கான் தானாகவே சொல்லிக்கொண்டிருந்த உண்மையின் வாயை அடைத்திருந்தேன்.

ஆனால் ரப்பர் மேல் தப்பில்லை. நடுக்கடலில் ஆட்டம் கூடினால் மாமாவே எதையாவது சுற்றித்தான் கரை சேர்வார். சுற்றியது தன் கையென்பதால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும், பாயைக் குறைப்பார். அதே ரப்பரை நம்பி, அது இருப்பதே தெரியாமல், ஒருவன் வாடைக் காற்றில் பாய் விரித்தால்? ஒரே துண்டு முதலுதவியாகவும் பொய்யாகவும் இருக்க முடிகிறது. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதில்தான் வித்தியாசம்.

காலையில் வந்தவரிடம் மாமா முதலில் சுக்கானைத்தான் காட்டினார். அவர் பேசிய விலையில் நாலாயிரம் குறைத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு செய்ய மாமாவுக்கு வேலைகள் இருந்தன. எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இந்தக் கட்டுரையில் அறத்தைப் பற்றிப் பேசுவது நான், அதற்கு விலை கொடுத்தது அவர். இதை எழுதும்போது அது உறுத்துகிறது.

போன வாரம் என் பைக்கை விற்க விளம்பரம் போட்டேன். ‘நல்ல கண்டிஷன்’ என்று டைப் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டு, முன் போர்க்கில் ஆயில் கசிகிறது என்று எழுதினேன். இதுவரை ஒரு போன்கூட வரவில்லை.