எழுபது ஆண்டும் இரண்டு ஆண்டும்

பிரசங்கம் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்வியுடன்தான் நாம் தொடங்கினோம். ஜேர்மனியில் ஒரு நகரத்தில், ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் அவர்களுடைய ஆலய மண்டபத்தை இரவல் பெற்றுக் கூடும் சிறிய தமிழ்ச் சபை எங்களுடையது. நிரந்தரமாக ஒரு போதகர் இல்லை. ஆகவே உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் ஐந்து பேர், ஓய்வுபெற்ற ஜேர்மன் போதகர் ஒருவரிடம் புதன்கிழமை மாலைகளில் பயிற்சிக்குப் போனோம். கற்றது ஒரு கலை. அந்தக் கலையோடு சேர்ந்து வந்த ஒரு கேள்வி இன்னும் எம்மை விடவில்லை.

அவர் சொல்லித்தந்த முறை எளிமையானது. ஒரு வேதபகுதியைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதைப் பலமுறை, பல மொழிபெயர்ப்புகளில் வாசிக்க வேண்டும். யார், யாருக்கு, எப்போது, எந்த நிலையில் சொன்னது என்று கேட்க வேண்டும். ஒரு வசனத்தை அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து பிய்த்தெடுக்கக் கூடாது. ஹடன் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 1980 இல் எழுதிய பிரசங்க நூல், ஒவ்வொரு பிரசங்கமும் வேதபகுதியிலிருந்து பிறக்கும் ஒரே ஒரு மையக் கருத்தில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. அந்தக் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவரை எங்கள் ஆசிரியரும் எங்களை எழுந்து நிற்க விடவில்லை.

பேசும் விதம் அடுத்த பாடம். இதில் நாம் விரைவாகத் தேறினோம். 'ஊர்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினால் மண்டபத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும் என்பதை இரண்டாவது மாதமே கண்டுகொண்டோம். ஆபத்தும் அங்கேதான் இருந்தது.

எம்மில் ஒருவரின் முதல் பிரசங்கம் எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தின் மேல் அமைந்தது. எம்மவர் வீடுகளில் கலண்டரிலும் சுவர்ப்படத்திலும் தொங்கும் வசனம் அது. கடவுள் தம் மக்களுக்கு நினைத்திருப்பது தீமையல்ல, நல்ல முடிவே என்ற வாக்குறுதி. அவர் உருக்கமாகப் பேசினார். இழந்ததெல்லாம் விரைவில் திரும்பக் கிடைக்கும் என்றார். ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றும் வேளையில், யாழ்ப்பாணத்தில் 1996 இல் மகன் காணாமற் போன ஒரு அம்மா அவரிடம் வந்தார். "அப்ப அவன் வருவான் எண்டு சொல்லுறியோ தம்பி?" என்று கேட்டார்.

அவரிடம் பதில் இல்லை. எம் எவரிடமும் இல்லை.

அடுத்த புதன்கிழமை நடந்ததைச் சொன்னோம். ஆசிரியர் கண்டிக்கவில்லை. பத்தாம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். பாபிலோனில் எழுபது ஆண்டுகள் நிறைவேறிய பின்பே மீட்பு என்கிறது அந்த வசனம். கி.மு. 597 இல் நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட வளர்ந்தவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே சாவார்கள் என்பதே அதன் நேரடிப் பொருள். கலண்டர் அச்சடிப்பவர்கள் பதினோராம் வசனத்தை வைத்துக்கொண்டு பத்தாவதை விட்டுவிடுகிறார்கள். நாமும் அதையே செய்திருந்தோம்.

அதற்கு முந்திய அதிகாரம் இன்னும் கூர்மையானது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்புவார்கள் என்று முழங்குகிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைக் கழற்றி முறித்தும் போடுகிறான். எமது சபையில் அவன் பேசியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். 1983 இன் பின் வந்தவர்களில் எத்தனை பேர், இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று பெட்டியை முழுதாகப் பிரிக்காமல் வைத்திருந்தோம்! 2002 போர்நிறுத்தத்தின்போது மீண்டும் பெட்டியைத் துடைத்தோம். 2009 மே மாதத்தின் பின் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். எமக்கு அனனியாக்கள் ஒருபோதும் குறைந்ததில்லை. அவர்களில் எல்லோரும் பொய்யர்களும் அல்லர். கேட்பவர்களின் ஏக்கத்தைத் தம் வாயால் பேசியவர்களே பலர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. துயரப்பட்டவரின் கையிலிருக்கும் ஒரே ஊன்றுகோலைப் பறிப்பது எந்த அறம்? பொய்யான ஆறுதலாயினும் அது ஒரு இரவைக் கடக்க உதவுமானால் என்ன குறை? எம்மில் இருவர் இன்றும் இப்படித்தான் கேட்கிறார்கள். அதை இலகுவாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை.

ஆனால் அந்த அம்மாவின் கேள்வியை மீண்டும் நினைத்துப் பார்க்கிறோம். ஆறுதலாகச் சொன்னதை அவர் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். பிரசங்கியின் சொல்லுக்குப் பின்னால் கடவுளின் கையெழுத்து இருப்பதாகவே கேட்பவர் நம்புகிறார். நாம் கொடுத்த வாக்கு பொய்த்தால் நட்டப்படுவது நாம் அல்ல. வாசலைப் பார்த்தபடி இருப்பவர் அவர்தான். அடுத்தவர் பெயரில் கடன் வாங்கி அள்ளிக் கொடுப்பது தாராளம் ஆகாது.

எரேமியா என்ன செய்தான் என்பது எமக்கு வழிகாட்டுகிறது. அனனியாவின் பேச்சைக் கேட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை 'ஆமென்'. அப்படியே ஆகட்டும் என்று அவனும் விரும்பினான். ஆனால் விரும்பியதை வாக்குறுதியாக்க மறுத்தான். எழுபது ஆண்டு என்று சொன்ன அதே கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், இருக்கும் நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் எழுதினான். காத்திருப்பவர்களுக்குக் காத்திருக்கும் காலத்தில் வாழ ஒரு வழி சொன்னான். அதுவும் ஆறுதல்தான் என்று நாம் கருதுகிறோம்.

நூலுக்கு நேர்மையாக இருப்பது நம்பிக்கையாளருக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த பாதிரியார் பீற்றர் பேர்சிவலுடன் இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர் சைவராகவே இருந்தார். தான் ஏற்காத நூலுக்கும் சரியான தமிழைத் தேடிக் கொடுத்தார். பாதிரிமாரின் பிரசங்க முறையை அறிந்திருந்த அவரே, 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது வெள்ளிக்கிழமைச் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். ஏற்காதவரே அத்தனை கவனம் காட்டிய நூலை, ஏற்பதாகச் சொல்லும் நாம் வசதிக்காக வெட்டினோம் என்பது வெட்கத்துக்குரியது.

சில மாதங்களின் பின் அதே நண்பர் அதே அதிகாரத்தை, இம்முறை முதலாம் வசனத்திலிருந்து பேசினார். அவருடைய மகனைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பதை, ஆராதனைக்கு முதலே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். தேநீர் மட்டும் கொடுத்தாராம். அந்த ஞாயிறும் வந்து வழமையான கதிரையில் இருந்தார்.

புதுவருடத்தில் வசனக் கலண்டர் வந்தால் நாம் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. பதினோராம் வசனம் வரும் தாளில், மேலே உள்ள வெற்றிடத்தில், பத்தாம் வசனத்தைப் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மண்டபத்தில் மாட்டுகிறோம்.