தீயும் குத்துச்சண்டை மேடையும்

ஒருவன் மற்றவனுக்குச் சமம் என்பதை நிரூபித்துக் காட்ட வேண்டுமா? குத்துச்சண்டைக் கதைகள் நம்மை ஈர்ப்பதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். மேடை ஏறிவிட்டால் நிறமும் சாதியும் செல்லாது, வென்றவனை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று நம்புகிறோம். வரலாறு அப்படி நடக்கவில்லை. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று, ஹெவிவெயிட் உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார் ஜாக் ஜான்சன். வெள்ளையரின் மானத்தைக் காக்க, ஓய்வு பெற்றிருந்த வெள்ளையினச் சாம்பியன் ஜெஃப்ரிஸை அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் அவரும் தோற்றார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. 1912இல், குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லவே தடைச் சட்டம் வந்தது. கேட்ட சான்று கைக்கு வந்ததும் அதைக் கண்ணில் படாமல் ஒளித்தார்கள். பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில், நாயகன் கபிலன் வெல்லப்போகும் நேரத்தில் ஆட்டத்தைக் கலைத்து அவன் உடையை உருவுகிறார்களே, அந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் அதில் மிகை இல்லை.

விருத்தாசலத்திலும் நல்லூரிலும் வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. அவ்வூர்கள் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில்தான், புலையராகப் பிறந்த நந்தனார் கோயிலுக்குள் போகத் தீக்குள் இறங்கினார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். இறங்கியவர் புலையராகவே வெளியே வரவில்லை. பூணூல் அணிந்த முனிவராக வந்தார். தேர்வில் வென்ற பிறகும் அவர் பிறந்த பிறப்போடு உள்ளே போக முடியவில்லை என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரும் வந்தார், கோயிலுக்குப் போகுமுன் முடிக்க வேண்டிய நாற்பது வேலி வயல்வேலையும் வந்தது. சோதனை கூடியதே தவிரக் குறையவில்லை.

அது சோதனையல்ல, இறைவனோடு கலத்தல்; பக்தியைச் சமூகக் கணக்கால் அளக்கலாமா என்று சைவர்கள் கேட்பார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் அதே புராணத்தில் திருப்புன்கூர்க் கோயிலின் நிகழ்ச்சியும் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்றவர் காணும்படி அங்கே இறைவன் நந்தியை விலகச் சொன்னார். நந்தனாரிடம் எதையும் கேட்கவில்லை. அவருடைய அன்பை அறிய இறைவனுக்குத் தீ தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வாசலைக் காத்தவர்களுக்கு. அவர்களுக்கும் அது ஒருவரை மட்டும் உள்ளே விட்ட விதிவிலக்காகவே முடிந்தது; அவருடைய சேரியின் அடுத்த மனிதருக்கு வாசல் திறக்கவில்லை.

வெற்றியால் பயனே இல்லையா என்பது இன்னொரு மறுப்பு. 1938இல் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மானிய வீரர் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே சாய்த்தபோது கறுப்பின மக்கள் அடைந்த நிமிர்வு உண்மையானது. அந்தப் பயனை நான் குறைக்க மாட்டேன். அது ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்காகவே ஈட்டிக்கொண்டது. ஒடுக்கியவர்களின் மனத்தை அது மாற்றவில்லை: 1942இல் லூயிஸ் சேர்ந்த அமெரிக்க ராணுவம் நிறவாரியாகப் பிரிந்தே இருந்தது. தாழ்வு என்ற எண்ணம் அறியாமையால் மட்டும் பிறந்திருந்தால் ஒரு சான்று போதும். அது யாருக்கோ ஆதாயமாக இருப்பதால்தான் ஒவ்வொரு சான்றுக்குப் பிறகும் இன்னொன்று கேட்கிறது. சென்னை மாகாணக் கோயில்கள் 1947இல் சட்டத்தால் திறக்கப்பட்டபோது, உள்ளே போனவர்களிடம் அந்தச் சட்டம் எந்தச் சான்றையும் கேட்கவில்லை.